கொழும்புக்குப் போகாமல் விட்ட நாள்

தம்பி,

நேற்று நான் கொழும்பில் இருந்திருக்க வேண்டும். நீ எனக்காக அலைந்து எடுத்துத் தந்த விசா நேர்முகத்துக்கு, தூதரக வாசலில், பத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும். நான் போகவில்லை. பஸ் ஓடியது, பாதை திறந்திருந்தது, எனக்கு ஒரு சுகவீனமும் இல்லை. நானாகத்தான் போகாமல் விட்டேன். இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தொலைபேசிக் கடைக்காரர் பக்கத்தில் நிற்பார், பின்னால் நாலு பேர் தங்கள் பிள்ளைகளின் அழைப்புக்குக் காத்திருப்பார்கள். அங்கே நீ கோபத்தில் குரலை உயர்த்துவாய், இங்கே நான் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேருவேன். ஆகவேதான் எழுதுகிறேன். கொழும்புக்குப் போகிற ஒருவரின் கையில் கொடுத்து அங்கிருந்து அனுப்பச் சொல்லப்போகிறேன். வேலை இல்லாத ஒரு நாளில் ஆறுதலாக இருந்து வாசி.

போன முறை கதைத்தபோது நீ கேட்டாய்: "அறுபது தாண்டின பிறகு ஆர் அம்மா உங்களை வேலைக்குப் போகச் சொன்னது? பென்சன் வருது, நான் அனுப்புறன், இஞ்ச வந்து பேத்தியைப் பாத்துக்கொண்டு ஆறுதலா இருக்கலாம்தானே?" உன் குரலில் கோபத்தை விட வெட்கம் கூட இருந்தது. அங்கே உன் நண்பர்கள் யாரோ, அம்மா இன்னும் வேலை செய்கிறாவாம் என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு மகன் தன் தாயைச் சரியாகப் பார்க்கவில்லை என்று யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம் அது. அந்த வெட்கம் உனக்கு வேண்டாம். நீ பிழையாக ஒன்றும் செய்யவில்லை. நான் ஏன் இப்படி ஆனேன் என்பதை மட்டும் உனக்கு விளங்கச் சொல்ல வேண்டும்.

உன் அப்பாவை நினைத்துப் பார். ஓய்வுக்கென்றே பிறந்த மனிதர் அவர். துறைமுகக் களஞ்சியத்தில் கடைசி நாள் வேலை முடித்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றி யாரோ ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு செத்த வீட்டுக்குக்கூடச் செருப்போடுதான் போனார். காலையில் கிரிக்கெட் வர்ணனை, மத்தியானம் சாய்வுக் கதிரையில் நித்திரை, பின்னேரம் பூசணிக்குத் தண்ணீர். ஊரில் எத்தனை சண்டை, எத்தனை ஊரடங்கு! உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் வருவதும் போவதும் தெரியும். அவர் அவற்றை ஆடுமாடு மேய்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூன்று நாலு வருடமும் அவர் மனம் நிறைந்து வாழ்ந்தார். நெஞ்சுவலி வந்த அன்று காலையும் பூசணிப் பிஞ்சுக்குச் சாக்கு விரித்துவிட்டுத்தான் வந்தார். நானும் அவரைப்போல இருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

என்னுடைய கடைசி நாள் உனக்குத் தெரியும், படம் அனுப்பினேன். மாவட்ட அரசாங்கக் கச்சேரியின் மொழிபெயர்ப்புப் பிரிவில், குருநாகல் தெருவில் சின்ன வயதில் விளையாடிப் பழகிய சிங்களத்தையும் வீட்டுத் தமிழையும் வைத்துக்கொண்டு என் வாழ்நாளில் பாதியைக் கழித்தவள் நான். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். "அம்மா, இனி நீங்கள் வீட்டில ராணி மாதிரி இருக்கலாம்" என்று சொன்னார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தேன்.

பிறகு வீடு வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நான்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன், அதன் பிறகு வீடு என் மேல் வந்து இருந்துகொண்டது. முன்வீட்டார் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு மாஸ்டர் குடும்பம் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டது. கந்தோரில் மத்தியானம் ஆறேழு பேர் ஒரு மேசையில் இருந்து கறியை மாற்றி மாற்றிச் சாப்பிட்ட எனக்கு, ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதே பிடிபடவில்லை. பின்னேரங்களில் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து முற்றத்துச் செவ்வரத்தைச் செடியைத் தின்றன. நான் கலைக்கவில்லை. அவை தின்னும்வரை கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் காலை முட்டைக்காரர் படலையில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. செருமிச் செருமித்தான் குரலை வெளியே எடுத்தேன். முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் நான் ஒரு மனிதரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இதை நான் உனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு கிழமையும் "நல்லா இருக்கிறன்" என்றுதான் சொன்னேன்.

அப்போதுதான் உன் அப்பாவின் ஓய்வைப் பற்றியும் எனக்கு விளங்கியது. அவர் ஓய்வாக இருந்தார், உண்மை. ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான் வேலை முடித்து வருவேன். கைப்பையை வைக்கும் முன்னமே "என்ன கதை இண்டைக்கு?" என்று கேட்பார். யார் யாரோடு கொளுவினார்கள், எந்தப் பாதை பூட்டு, எவருக்கு மாற்றம் வந்தது என்று எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய ஓய்வுக்குள் என்னுடைய வேலை இருந்தது. என்னுடைய ஓய்வுக்குள் ஒருவருமில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சல்மா வந்தாள். கிண்ணியாக்காரி, நாற்பது வயதிருக்கும். பாதைப் படகில் ஏறி, பஸ் பிடித்து, சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி, வெயிலில் வாடிப்போய் வந்து படலையில் நின்றாள்.

"நீங்கதானே கச்சேரியில சிங்களம் பேசுற அம்மா?"

"இருந்தனான் தங்கச்சி. இப்ப ரிட்டயர் ஆகிட்டன்."

"அங்க போய்த்தான் வாறன். உங்கட கதிரையில ஒருத்தரும் இல்ல. பியோன்தான் வீட்டச் சொன்னாரு."

அவளுடைய கணவர் மீன்பிடிக்கப் போனவர். எஞ்சின் நின்று, தோணி நீரோட்டத்தில் இழுபட்டு, துறைமுகத்தின் தடைசெய்த எல்லைக்குள் போய்விட்டது. கடற்படை பிடித்து வைத்திருக்கிறது. எங்கே, என்ன என்று கேட்கத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனாளாம். தம்பியையும் உள்ளே எடுத்து, அந்திக்குத்தான் விட்டார்களாம். "இனி ஆம்புளயள் ஒருத்தரும் வாறாங்க இல்ல. நான் சொல்றது அவங்களுக்கு விளங்குதில்ல, அவங்க சொல்றது எனக்கு விளங்குதில்ல" என்றாள்.

நான் பயந்தேன், தம்பி. "எனக்கு ஏலாது. நான் இப்ப அரசாங்க ஆளில்லை. என்ர சொல்லை ஆர் கேக்கப் போகினம்?" என்று சொல்லிவிட்டேன். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். "தொழுதுட்டுப் போகட்டா அக்கா? மேற்கு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். துறைமுகம் தெரிகிற பக்கத்தைக் காட்டிவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து அவள் மெல்ல ஓதுகிற சத்தம் வந்தது. என்ன ஓதினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்குள் வேறொரு மனிதக் குரல் கேட்டு எவ்வளவு காலம்! அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை அசையாமல் நின்றேன். அவள் சால்வையை மடித்துக்கொண்டு வெளியே இறங்கியபோது, அந்தக் குரலும் அவளோடு போய்விடும் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. "பொறு தங்கச்சி, சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்றேன்.

இதை நான் ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உன் நண்பர்களிடம் "என்ர அம்மா சனத்துக்குத் தொண்டு செய்யிறா" என்று நீ சொல்லிவிடக் கூடாது. தொண்டு செய்ய நான் எழும்பவில்லை. வீட்டில் இருக்க ஏலாமல்தான் எழும்பினேன்.

முகாம் வாசலுக்குப் போனோம். காவலுக்கு நின்ற பெடியன் என் நரைத்த தலையைப் பார்த்தான், துவக்கைக் கொஞ்சம் பதித்தான், "என்ன அம்மே?" என்று சிங்களத்தில் கேட்டான். எங்கள் ஊரில் இப்போது இளம் வயதுதான் ஆபத்து. வாலிபப் பிள்ளைகள் ஒரு சந்தியைக் கடக்கவே பயப்படுகிறார்கள். நான் நாற்பது வயதில் அந்த வாசலுக்குப் போயிருந்தால் எனக்குத் தந்ததுபோல இருக்க ஒரு வாங்குப்பலகை தந்திருப்பார்களோ தெரியாது. வேலைக்கு உதவாது என்று அரசாங்கம் அனுப்பிவிட்ட வயதுதான் அந்த வாசலை எனக்குத் திறந்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, பிறகு வாருங்கள் என்றார்கள். பிறகும் போனோம், அதற்குப் பிறகும் போனோம். ஒரு மாதம் அளவில் அவளுடைய கணவரை விட்டார்கள். இரண்டு பேருமாக என் வீட்டுக்கு வந்தார்கள். அந்த மனிதர் கதிரை நுனியில் குனிந்தபடி இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு நாள் சுவருக்கு அங்கால தமிழ் கேட்டுச்சு அக்கா. ஒரு பொம்புளட சத்தம். அப்பதான் எனக்கு விளங்கிச்சு, என்னைய ஆக்கள் தேடுறாங்க எண்டு."

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மூதூர், நிலாவெளி, நகரத்துக்குள்ளே இருந்தும். பெரும்பாலும் பெண்கள். எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் வந்து, "அம்மா, வீட்டு வாசலில ஆக்களை நிப்பாட்டாதேங்கோ, உங்களுக்கும் கரைச்சல். என்ர கந்தோரில ஒரு மேசை இருக்கு" என்றார். அப்படித்தான் மறுபடியும் காலையில் சீப்பால் தலை இழுத்து, சோற்றுப் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவள் ஆனேன். முழு நாளும் இல்லை, மத்தியானம்வரைதான். முழங்கால் நோகிறது. கண்ணும் முன்னைப்போல இல்லை. மழை நாட்களில் போகாமல் விடுவோமா என்று தோன்றும். ஆனால் போய்விட்டு வந்து படலையைத் திறக்கும்போது, அது என் வீடாக இருக்கிறது.

எல்லாம் சல்மாவின் கதைபோல முடிவதில்லை. இறக்கக்கண்டியில் இருந்து தங்கேஸ்வரி என்று ஒரு தாய். புருசன் இல்லை, கருவாடு போட்டு விற்று ஒரே மகனை வளர்த்தவள். ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். சுதன் என்று பெயர், உன்னை விடச் சின்னவன். நாங்கள் இரண்டு பேரும் ஏறாத வாசல் இல்லை. போகிற இடமெல்லாம் ஒரே பதில்தான்: அப்படி ஒருவர் இங்கே இல்லை. அவர்கள் சிங்களத்தில் சொல்லும்போது தங்கேஸ்வரி அவர்களைப் பார்ப்பதில்லை, என் வாயைத்தான் பார்ப்பாள். நான் சொல்லும்வரை அது அவளுக்கு வெறும் சத்தம். நான் தமிழில் சொன்ன பிறகுதான் அவளுடைய பிள்ளை இல்லாமல் போவான். ஒவ்வொரு முறையும் அதைச் சொன்னவள் நான். ஒரு நாள் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, இனி ஏலாது, இந்த வயதில் இது எனக்கு என்னத்துக்கு என்று இருந்துவிட்டேன். ஒரு கிழமை கந்தோர்ப் பக்கம் போகவில்லை. நீ அந்த நேரம்தான் தொலைபேசியில் கேட்டாய், விசாவுக்குப் போடட்டுமா என்று. நான் உடனே "ஓம்" என்றேன். நினைவிருக்கிறதா? நீ அதிசயப்பட்டாய்.

அந்தக் கிழமை முடிவதற்குள் தங்கேஸ்வரி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "என்னக்கா, சுகமில்லையோ? நீங்கள் வரேல்லையெண்டால் அவை என்ன சொல்லினம் எண்டு எனக்கு என்னண்டு தெரியும்?"

"நல்ல கதை ஒண்டும் சொல்லேல்லையே தங்கச்சி. இல்லையெண்டுதானே சொல்லினம்."

"இல்லையெண்டு சொன்னாலும் நான் தமிழில கேக்க வேணும்" என்றாள்.

அடுத்த நாள் காலை நான் சீலை உடுத்திக்கொண்டு போனேன். விசா வேலை ஒரு பக்கம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் மகளைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையென்று நினைத்துவிடாதே. நீ அனுப்பிய படத்தில் அவளுடைய முன்பல் விழுந்திருக்கிறது. அந்த இடத்தை நான் விரலால் எத்தனை முறை தொட்டுப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

தம்பி, நீ இரண்டு வேலை செய்கிறாய். பகலில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஐம்பத்தைந்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆறுதலாக இருக்கப்போகிறேன், அதற்குத்தான் இந்த ஓட்டம் என்று சொல்கிறாய். ஓடு, நான் மறிக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்குள் யார் இருக்கப்போகிறார்கள் என்று இப்போதே யோசி. உன் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து என்ன கதை சொல்கிறாள் என்று இன்றைக்குக் கேட்க நேரமில்லாதவனுக்கு, ஐம்பத்தைந்தில் கதை சொல்ல அவள் வரமாட்டாள். ஓய்வு என்பது ஒரு இடம், அங்கே போய் இறங்கிவிடலாம் என்று நானும் நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் தரிப்பிடத்தில் ஒருவரும் இல்லை. உடம்பு ஏலாமல் போனால் நான் நிற்பாட்டுவேன். அதை என் முழங்கால் சொல்லட்டும். பிறந்த திகதியைப் பார்த்து யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், நீயும் சொல்ல வேண்டாம்.

இனி நேற்றைக்கு வருகிறேன். போன கிழமை சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். சுதன் இருக்கிறான். எங்கள் மாவட்டத்திலேயே இல்லை, தூரத்தில் ஒரு தடுப்பு முகாமில். இடத்தின் பெயரை இதில் எழுத மாட்டேன், கடிதங்கள் உடைத்துப் பார்க்கப்படுகிற காலம் இது. தாய் பார்க்க ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த நாளைச் சொன்னார். அது என்னுடைய கொழும்பு நாள்.

"நீங்கள் கொழும்புக்குப் போங்கோ அம்மா. நான் வேற ஆளைப் பாக்கிறன்" என்றார். வேறு ஆள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த ஊரில் இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் அந்த வாசல்களுக்கு வரப் பயப்படுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல ஏலாது. நான் வீட்டுக்கு வந்து, கொழும்புக்கென்று கட்டி வைத்திருந்த பையைப் பார்த்துக்கொண்டு அன்று முழுக்க இருந்தேன். இன்னொரு நாள் கேட்டால் தூதரகம் தரும் என்கிறார்கள். தராமலும் விடலாம். தந்தால் நான் வந்து உங்கள் மூன்று பேரையும் பார்ப்பேன், பேத்தியோடு இருப்பேன், திரும்பி வருவேன். தராவிட்டால் நீ அவளைக் கூட்டிக்கொண்டு வரக்கூடிய காலம் ஒன்று வரவேண்டும் என்று பத்திரகாளியைக் கேட்பேன்.

விடியப் புறப்பட்டுப் போனோம். சட்டத்தரணியும் கூடவே வந்து, கடிதத்தைக் காட்டி எங்களை உள்ளே விடச் செய்துவிட்டு வாசலில் நின்றுவிட்டார். ஒரு சின்ன அறை, நடுவில் கம்பிவலை. அந்தப் பக்கம் சுதனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மெலிந்திருந்தான், தலையை மொட்டை அடித்திருந்தார்கள். ஆனால் கைகால் எல்லாம் சரியாக இருந்தது. தங்கேஸ்வரி வலையில் இரண்டு கையையும் வைத்தபடி நின்றாள். காவலுக்கு நின்றவன் சுதனின் வயதுக்காரன்தான். எனக்குச் சிங்களத்தில் சொன்னான்: "எனக்குத் தெரியாத மொழியில் பேச விடக் கூடாது என்பது கட்டளை. ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கதை இல்லை."

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. 'அவ கேட்கிறா', 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுகிறவராகவே நின்று பேச வேண்டும். அப்படித்தான் நான் காலமெல்லாம் செய்தேன். தங்கேஸ்வரி கேட்டாள், "சாப்பிட்டியே ராசா?" நான் அந்தக் காவல்காரப் பெடியனைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டேன், சாப்பிட்டாயா மகனே என்று. "ஓம் அம்மா, அழாதேங்கோ" என்றான் சுதன். நான் அழாதே அம்மா என்றேன். "ஏன் ராசா இப்பிடி மெலிஞ்சு போனாய்? இரவில குளிருதே? போர்வை இருக்கே?" ஏன் மகனே இப்படி மெலிந்துபோனாய், இரவில் குளிருகிறதா, போர்வை இருக்கிறதா. அவளுக்கும் மகனுக்கும் நான் தேவையில்லை, அவர்களுக்குத் தமிழ் விளங்கும். நான் கேட்டதெல்லாம் அந்தப் பெடியனிடம்தான். ஒரு தாய் பிள்ளையிடம் கேட்பதையெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். நாலைந்து கேள்விக்கு மேல் அவனால் தாங்க ஏலவில்லை. கையை உயர்த்தி, "போதும் அம்மே. இனி அவர்கள் தங்கள் மொழியிலேயே கதைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அதோடு என் வேலை முடிந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்கள். நான் மெல்லக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்தேன். அந்த நேரம் கொழும்பில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். உங்கள் ஊரில் இரவாக இருந்திருக்கும், நீ இரண்டாவது வேலை முடித்துக் குளிருக்குள் நடந்து வந்துகொண்டிருந்திருப்பாய். உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் எனக்கும் உன்னிடம் கேட்கக் கிடந்தது. சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. மொழிபெயர்க்கவும் யாரும் சொல்லவில்லை. சத்தமாகவே, தமிழில் கேட்டேன்.

சாப்பிட்டியே, ராசா?

அம்மா